மாற்றுக் கிட்னியின் ரத்தக்குழாய் சுருங்கினால்: குழந்தைக்குப் பலூனா, ஒரேயடியாக ஸ்டென்டா?

கேள்வி: ஒரு வாசகி, 2024 ஜனவரி 11

என் மகளுக்கு வயது 9. மாற்றுக் கிட்னி வைத்து ஏழு மாதம் ஆகிறது, கொடுத்தது நான்தான். நான்கு மாதமாக பிபி அடங்கவில்லை, மூன்று மாத்திரை ஓடுகிறது. இப்போது ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிட்டு, கிட்னிக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது, பலூன் விட்டு விரிக்க வேண்டும் என்கிறார்கள். மறுபடி சுருங்கவும் வாய்ப்பு உண்டாம். அப்படியானால் ஒரேயடியாக ஸ்டென்ட் வைத்துவிட்டால் என்ன? பெரியவர்களுக்கு இதயத்தில் வைக்கிறார்களே. பிள்ளையை எதற்கு இரண்டு தடவை மயக்கத்தில் போட வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

2024 ஜனவரி 11, இரவு 10.20

எங்கள் வீட்டில் இது நடந்திருக்கிறது. பையனுக்கு. பலூன் இரண்டு தடவை, ஸ்டென்ட் இல்லை. நான் டாக்டர் இல்லை, போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பையனுக்குப் பிறக்கும்போதே சிறுநீர் வெளியேறும் வழியில் அடைப்பு. இரண்டு கிட்னியும் பையப் பையக் கெட்டு, 2019 ஜூனில் மாற்றுக் கிட்னி வைத்தார்கள். அப்போது அவனுக்கு ஆறரை வயது, 16 கிலோ. கொடுத்தது என் அம்மா, அவனுக்கு அப்பத்தா, 54 வயது. 2011 திருத்தத்துக்குப் பிறகு தாத்தா பாட்டியும் சட்டப்படி நெருங்கிய உறவு, அதனால் அனுமதியில் சிக்கல் வரவில்லை.

நீங்கள் கேட்கிற கேள்வியை நானும் இதே கோபத்தோடு கேட்டேன். எனக்குக் கிடைத்த பதில்: ஸ்டென்ட் என்பது கம்பி வலை, அது வளராது. பிள்ளை வளருவான். அவ்வளவுதான் விஷயம்.

2024 ஜனவரி 11, இரவு 10.55

பிபி ஏன் ஏறுகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தோட்டத்து ஓஸை மிதித்துப் பாருங்கள், மிதித்த இடத்துக்குப் பின்னால் பிரஷர் ஏறும். அதேதான்.

2024 ஜனவரி 12, காலை 6.30

ஓஸ் கதையை வாபஸ் வாங்குகிறேன். ராத்திரியே ஒரு டயாலிசிஸ் டெக்னீஷியன் தனியாகச் செய்தி அனுப்பிவிட்டார். "அண்ணே, விரலில் நூலை இறுக்கிக் கட்டினால் உடம்பு முழுக்க பிபி ஏறுமா?" ஏறாது. இத்தனை வருஷம் மோட்டாரோடு புழங்கிவிட்டு இதை யோசிக்காமல் எழுதினேனே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரியான கதை வேறு. எங்கள் தெருவில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும். கடைக்கோடி வீட்டுக்கு வருகிற பைப்பில் மட்டும் துரு அடைத்திருக்கிறது என்று வையுங்கள். அந்த வீட்டுக்காரருக்குத் தன் பைப் அடைத்திருப்பது தெரியாது. ஊருக்கே தண்ணீர் இல்லை என்று நினைத்துத் தொட்டி ஆபரேட்டருக்குப் போன் போட்டுக் கத்துகிறார். ஆபரேட்டர் வால்வை முழுசாகத் திறக்கிறார். மற்ற வீடுகளில் குழாய் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது, கடைக்கோடி வீட்டில் மட்டும் இன்னும் நூல் போலத்தான் வருகிறது. அவர் மறுபடி போன் போடுகிறார்.

கிட்னிதான் அந்தக் கடைக்கோடி வீடு. அது போடுகிற போனுக்கு ரெனின் என்று பெயர். அதன் தொடர்ச்சியாக ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்குகின்றன, பிபி ஏறுகிறது. 1934-லேயே அமெரிக்காவில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற மருத்துவர் நாய்களின் கிட்னி ரத்தக்குழாயில் வெள்ளிக் கிளிப்பை மாட்டி இறுக்கி, பிபி ஏறுவதைக் காட்டிவிட்டார். அதாவது உங்கள் மகள் உப்புத் தின்றதாலோ படிப்பு டென்ஷனாலோ வந்தது இல்லை. ஊறுகாய் பாட்டிலை ஒளித்துவைத்துவிட்டு நாங்கள் மூன்று மாதம் வீணாக்கினோம்.

2024 ஜனவரி 12, மதியம் 2.10

ஊறுகாய் என்று எழுதியதும் நான்கு பேர் "அப்போ உப்பு போடலாமா" என்று கேட்டுவிட்டீர்கள். போடக் கூடாது. மாற்றுக் கிட்னி வைத்த பிள்ளைக்கு உப்பு குறைவாகத்தான் இருக்க வேண்டும். குழாய் சுருக்கத்துக்குக் காரணம் உப்பு இல்லை, அவ்வளவே சொன்னேன்.

அப்புறம், மாற்றுக் கிட்னி வைத்த குழந்தைக்கு பிபி ஏறினாலே குழாய் சுருக்கம் என்று நினைத்து ஓடாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு பிபி மாத்திரை ஓடிக்கொண்டுதான் இருக்கும். மாற்றுக் கிட்னியை உடம்பு எதிர்க்காமல் இருக்கக் கொடுக்கிற டாக்ரோலிமஸ் மாத்திரையே ரத்தக்குழாயை இறுக்கும், ஸ்டீராய்டு ஏற்றும், தண்ணீர் தங்கினால் ஏறும், உள்ளேயே விட்டுவைத்த பழைய கிட்னிகளும் ரெனினைக் கக்கிக்கொண்டிருக்கும். சந்தேகம் வர வேண்டியது, அடங்கியிருந்தது திடீரென்று அடங்காமல் போனால், மாத்திரை ஒன்று இரண்டாகி மூன்றானால், கூடவே கிரியாட்டினினும் (கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற கழிவு) நகர்ந்தால். பெரும்பாலும் ஆபரேஷன் ஆகி மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தலைகாட்டும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். எங்களுக்கு ஆறாவது மாதம்.

2024 ஜனவரி 12, இரவு 11.40

தூக்கம் வரவில்லை. நாங்கள் கோட்டைவிட்ட கதையை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது வீட்டில் பிபி மிஷின் வாங்கி வைக்கச் சொன்னார்கள். மருந்துக் கடையில் வாங்கினேன். பெட்டிக்குள் ஒரு கஃப் இருந்தது. பெரியவர்களுக்கானது, அதன் ஓரத்திலேயே 22 முதல் 32 செ.மீ. என்று அச்சடித்திருக்கும். எனக்கு அதைப் படிக்கத் தோன்றவில்லை, கடைக்காரரும் யாருக்கு என்று கேட்கவில்லை. பையனின் கையை அளந்தால் அப்போது பதினாறரை செ.மீ. கஃபைச் சுற்றினால் முழங்கைக்குக் கீழே வரை வரும், வேட்டி சுற்றிய மாதிரி. அவனுக்கு அது விளையாட்டு, "ரோபோ கை" என்பான்.

வீட்டில் 118 காட்டும். ஆஸ்பத்திரியில் 132, 135. ஊசியைப் பார்த்துப் பயப்படுகிறான், அங்கே போனால்தான் ஏறுகிறது என்று நாங்களே முடிவு கட்டினோம். டாக்டரிடமும் அப்படியே சொன்னோம். நோட்டில் வரிசையாக 118, 116, 119 என்று எழுதிக் காட்டினோம். அழகான கையெழுத்து, என் மனைவியுடையது.

இதில் தப்பு இரண்டு. கைக்குப் பொருந்தாத பெரிய கஃப் உண்மையான பிபியைவிடக் குறைத்துக் காட்டும். சின்ன கஃப் கூட்டிக் காட்டும். இரண்டாவது தப்பு, அந்த 118-ஐயே நாங்கள் நல்ல எண் என்று நினைத்தது. 120-க்கு உள்ளே இருக்கிறதே, பெரியவர்களுக்கே அதுதானே கணக்கு என்று. ஏழு வயதுப் பையனுக்கு 115-ஐத் தாண்டினாலே அதிகம். குழந்தைகளுக்கு வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்துத் தனி அட்டவணை உண்டு. 13 வயதுக்கு மேல்தான் பெரியவர் கணக்கு. பொய்யாகக் குறைத்துக் காட்டிய எண்ணே அதிகம்தான், அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

கடைசியில் 24 மணி நேர பிபி மிஷினைக் கட்டி அனுப்பினார்கள். தூங்கும்போது இறங்க வேண்டிய பிபி ராத்திரி இரண்டு மணிக்கும் 130. தூக்கத்தில் யாருக்கு ஊசிப் பயம்?

2024 ஜனவரி 13, காலை 9.15

மறந்துவிட்டேன். பிபிக்கு எனலாப்ரில் வகை மாத்திரையை எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். எங்கள் பையனுக்கு அதைத் தொடங்கிய எட்டாவது நாள் கிரியாட்டினின் 0.8-லிருந்து 1.4. கிட்னியே போச்சு என்று என் மனைவி ஓபி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

2024 ஜனவரி 13, மாலை 5.45

காலையில் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கோபத்தில் எழுதினேன். அந்த மாத்திரைதான் எங்களுக்குத் துப்புக் கொடுத்தது.

சுருங்கின குழாயின் வழியாகக் குறைந்த ரத்தம்தான் வருகிறது. வடிகட்டுவதற்குப் பிரஷர் போதாது. கிட்னி என்ன செய்கிறது, வடிகட்டியைத் தாண்டி வெளியே போகிற குட்டிக் குழாயை இறுக்கிப் பிடித்து உள்ளே பிரஷரைத் தக்கவைக்கிறது. எனலாப்ரில் அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். உடனே வடிகட்டுவது குறையும், கிரியாட்டினின் எகிறும். எங்கள் டாக்டர் அந்த 1.4-ஐப் பார்த்தவுடன் மாத்திரையை நிறுத்திவிட்டு, "இது ரிஜெக்ஷன் இல்லாமலும் இருக்கலாம், குழாயைப் பார்ப்போம்" என்றார். ரிஜெக்ஷன் என்றால் உடம்பு மாற்றுக் கிட்னியை ஏற்காமல் எதிர்ப்பது. ஒரு வாரத்தில் கிரியாட்டினின் 0.9-க்கு இறங்கிவிட்டது. குழாய் சரியாக இருக்கிற பிள்ளைகளுக்கு அது நல்ல மருந்து, பலருக்கும் வருஷக்கணக்கில் ஓடுகிறது. தொடங்கியதும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வதற்குக் காரணமே இதுதான். அந்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், என்னை மாதிரி ஆட்கள் இணையத்தில் எழுதுவதைப் பார்த்து.

அன்றைக்கு அவர் ஸ்டெதஸ்கோப்பைப் பையனின் வலது அடிவயிற்றில், தையல் தழும்புக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். பிறகு என் காதில் மாட்டிவிட்டார். பட்டறையில் இரும்பை ரம்பத்தால் அறுக்கும்போது தூரத்து அறையிலிருந்து கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு இழுப்பு. என் அம்மாவின் கிட்னி, என் பையனின் வயிறு, அதற்குள் ரம்பச் சத்தம். அந்தச் சத்தம் இருந்தால் சுருக்கம் என்றும் இல்லை, இல்லாவிட்டால் சுருக்கம் இல்லை என்றும் இல்லையாம். ஆனால் எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது போல இருந்தது.

2024 ஜனவரி 15

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. டாக்ரோலிமஸ் சாப்பிடுகிற பிள்ளைகளுக்குப் பம்பளிமாஸ் கொடுக்காதீர்கள், மருந்து லெவல் ஏறிவிடும். எங்கள் வீட்டில் பின்கட்டில் மரம் நிற்கிறது. இவன் ஒருத்தனுக்காக அத்தனை பழமும் பக்கத்து வீட்டுக்குப் போகிறது, அவர்கள் எங்களை ரொம்ப நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2024 ஜனவரி 17, இரவு 9.30

டாப்ளர் எண் எவ்வளவு இருந்தால் மோசம் என்று கேட்ட சகோதரிக்கு. எங்களுக்கு முதல் தடவை வினாடிக்கு 380 செ.மீ. பொதுவாக 200, 250-ஐத் தாண்டினால் சந்தேகப்படுகிறார்கள். இடுக்கில் ரத்தம் பீய்ச்சிக்கொண்டு போவதால் வேகம் கூடுகிறது. ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. சின்ன உடம்பில் பெரியவர் கிட்னி வைத்தால் இயல்பாகவே ஓட்டம் வேகமாக இருக்கலாம், ஆபரேஷன் முடிந்த புதிதில் வீக்கத்தாலும் கூடும். அதனால் கிட்னிக்குள்ளே இருக்கிற சின்னக் குழாய்களில் அலை எப்படி எழும்புகிறது என்றும் பார்த்தார்கள். திரையில் எனக்கே காட்டினார் ஸ்கேன் டாக்டர். நல்ல குழாயில் அலை கோயில் கோபுரம் மாதிரி சட்டென்று எழும்பும். இவனுக்கு மண்மேடு மாதிரி சோம்பேறித்தனமாக ஏறி இறங்கியது. மேலே பீய்ச்சல், கீழே சோம்பல், இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு சரியாக வரும் என்றார்.

பிறகு எம்ஆர்ஐ, சாயம் ஏற்றாமல். சுருக்கம் சரியாகத் தையல் போட்ட இடத்தில், அப்பத்தாவின் குழாயும் இவன் குழாயும் சேருகிற வளையத்தில்.

2024 ஜனவரி 17, இரவு 11.50

பலூன் நாள். 2020 மார்ச், ஊரடங்குக்குப் பத்து நாள் முன்னால்.

கையெழுத்து வாங்கும்போது எதையும் மறைக்கவில்லை. குழாய் கிழியலாம், ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளலாம், மிக மோசமானால் கிட்னியையே இழக்கலாம், அவசரம் வந்தால் ஆபரேஷன் செய்யச் சர்ஜன் பக்கத்தில் இருப்பார் என்றார்கள். "அந்த மாதிரி அடிக்கடி நடக்குமா?" என்று கேட்டேன். "அடிக்கடி நடந்தால் நாங்களே செய்ய மாட்டோம்" என்றார் அந்த இளம் டாக்டர். பதில் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

ரத்தக்குழாய்க்குள் கம்பி விட்டு வேலை செய்கிற கேத் லேப் கதவு வரை நானும் போனேன். உள்ளே எல்லாரும் ஈயக் கவசம் போட்டிருந்தார்கள். பையன் கேட்டான், "இவங்க எல்லாம் ஏன்ப்பா வீட்டுக்குள்ள மழைக்கோட்டு போட்டிருக்காங்க?" நர்ஸம்மா சிரித்துவிட்டார். அதற்குள் மயக்கம் கொடுத்துவிட்டார்கள்.

கிட்னி இருப்பது வலப்பக்கம், ஆனால் ஓட்டை போட்டது இடது தொடை இடுக்கில். அங்கிருந்து மேலே ஏறி, பிரிகிற இடத்தில் திரும்பி, வலப்பக்கம் இறங்கினால்தான் கோணம் வாகாக இருக்குமாம். மெல்லிய கம்பியைச் சுருக்கத்தின் வழியாக விட்டு, கம்பிமேல் பலூனை ஓட்டி, 4 மி.மீ. அளவுக்கு விரித்தார்கள். சாயம் கிட்னிக்கு ஆகாது என்பதால் பாதிப் படங்களைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவை வைத்தே எடுத்தார்கள், சோடாவில் இருக்கிற அதே வாயு. சுருக்கத்துக்கு முன்னும் பின்னும் பிரஷரை அளந்தார்களாம். 46 வித்தியாசம் இருந்தது, விரித்தபின் 8.

அந்த ராத்திரியை மறக்க முடியாது. இடது காலை ஆறு மணி நேரம் மடக்கக் கூடாது. ஏழு வயதுப் பையனை மடக்காமல் படுக்கவைப்பது பலூனைவிடக் கஷ்டம். போனில் கார்ட்டூன் ஓடிக்கொண்டே இருந்தது. பத்து மணிவாக்கில் சிறுநீர்ப் பை நிறையத் தொடங்கியது. நர்ஸ் காலி செய்துவிட்டுத் திரும்புவதற்குள் பாதி. விடிவதற்குள் மூன்று தடவை. தேங்கியிருந்த உப்பும் தண்ணீரும் அணை திறந்த மாதிரி வெளியே போகிறது. பிபி 90-க்கு இறங்கியது. இத்தனை மாதம் ஏறிவிட்டதே என்று பயந்தவன், இறங்குகிறதே என்று பயந்து ஓடிப்போய் டியூட்டி டாக்டரை எழுப்பினேன். மாத்திரைகளை நிறுத்தி, டிரிப் ஏற்றினார்கள், காலையில் சரியானது. இது நடக்கும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அதனால் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

மூன்று மாத்திரை ஒன்றானது. கிரியாட்டினின் 0.7.

பத்து மாதம்தான். 2021 ஜனவரியில் டாப்ளரில் மறுபடி 310.

2024 ஜனவரி 18, இரவு 8.00

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். முதல் நாள் "ஸ்டென்ட் வளராது, பிள்ளை வளருவான், அவ்வளவுதான்" என்று எழுதினேன். அது அரைகுறை. நேற்று பழைய ஃபைலைத் தேடும்போது, இரண்டாவது தடவை ரேடியாலஜி டாக்டர் என்னிடம் வரைந்து காட்டிய தாள் கிடைத்தது. அதைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது, நான் இதே வசனத்தை அவரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டார்: "உங்கள் அம்மா குழாய் இன்னும் எவ்வளவு வளரும்?"

யோசித்துப் பாருங்கள். பையனுக்கு ஏழு வயது, ஆனால் அவன் வயிற்றில் இருக்கிற கிட்னிக்கும் அதன் குழாய்க்கும் அப்பத்தா வயது. அந்தக் குழாய் ஏற்கெனவே முழு வளர்த்தி, 5 மி.மீ.க்குக் குறையாது. அந்தக் குழாயின் நடுவில் சுருக்கம் இருந்தால் வளர்த்திப் பிரச்சினை அவ்வளவாக இல்லை, பெரியவர் அளவு ஸ்டென்டே வைக்கலாம். பிரச்சினை தையல் வளையத்தில். அங்கே ஒரு பாதி பையனுடையது. அவனுடைய இடுப்புக் குழாய் வளரும். வளையமும் கூடவே வளர வேண்டும். அங்கே கம்பி வலையை வைத்தால் வளையம் அந்த அளவிலேயே நின்றுவிடும், வலையின் நுனி காலுக்குப் போகிற பெரிய குழாய்க்குள் நீட்டிக்கொண்டும் இருக்கும். பின்னால் பெரிய பலூன் வைத்து ஸ்டென்டையே கொஞ்சம் விரிக்க முடியும், அதற்கும் ஒரு எல்லை உண்டு. வலைக்குள்ளேயே சதை வளர்ந்து மறுபடி அடைக்கவும் செய்யும். ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று கூடுதல் மாத்திரை. நாளைக்குப் பயாப்சிக்காகக் கிட்னியில் ஊசி விட்டுச் சதைத் துணுக்கு எடுக்க வேண்டி வந்தால் அந்த மாத்திரைகளே தலைவலி.

அதனால் எங்களுக்கு இரண்டாம் முறையும் பலூன்தான். 5 மி.மீ., விரித்துப் பிடித்த நேரமும் கூட. மூன்று வருஷம் ஆகிறது, மறுபடி சுருங்கவில்லை. எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது "பலூனா ஸ்டென்டா" இல்லை. "சுருக்கம் எங்கே? தையலிலா, குழாய் நடுவிலா, குழாய் மடங்கியிருக்கிறதா?" அதைக் கேளுங்கள். மடிப்பு என்றால் பலூன் விரித்துவிட்டு எடுத்ததும் பழையபடி மடங்கும், சில சமயம் ஆபரேஷன்தான் வழி. முதல் சில வாரங்களுக்குள் என்றாலும் புதுத் தையலில் பலூன் விடத் தயங்குவார்கள். உங்களுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது, அந்தக் கவலை இல்லை.

2024 ஜனவரி 20, காலை 7.20

"கிட்னி குழாயில் ஸ்டென்ட் வைப்பதே வீண், மாத்திரையே போதும் என்று ஆராய்ச்சி சொல்கிறது" என்று ஒருவர் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். நானும் அந்தக் காலத்தில் இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவர் சொல்வது 2009-ல் வந்த ஆஸ்ட்ரல் ஆய்வும், 2014-ல் வந்த கோரல் ஆய்வும். முன்னதில் 806 பேர், பின்னதில் 947 பேர். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது உண்மை. ஆனால் அவர்கள் எல்லாரும் வயதானவர்கள், சொந்தக் கிட்னிக்குப் போகிற குழாயில் கொழுப்புப் படிந்தவர்கள், பெரும்பாலும் இன்னொரு கிட்னியும் உள்ளவர்கள். நம் பிள்ளைகளுக்கு வேலை செய்கிற கிட்னி ஒன்றுதான், சுருக்கத்துக்குக் காரணமும் வேறு. வேப்பமரத்துக் கணக்கை முருங்கைக்குப் போடாதீர்கள்.

மாற்றுக் கிட்னி வைத்த குழந்தைகளுக்கு இப்படி நூற்றுக்கணக்கானவர்களைப் பிரித்துப் பார்த்த ஆய்வு கிடையாது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னிடம் வந்த சில பிள்ளைகளைப் பற்றி எழுதியதுதான் இருக்கிறது. அதனால்தான் ஒரு டாக்டர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் இன்னொன்று சொல்கிறார். இதற்காக யாரையும் திட்டாதீர்கள்.

2024 ஜனவரி 20, காலை 7.35

சொந்தக் கிட்னியிலேயே குழாய் சுருங்கிய பிள்ளையைப் பற்றிக் கேட்டவருக்கு: அது வேறு சமாச்சாரம். நம் நாட்டுக் குழந்தைகளில் அதற்குப் பெரும்பாலும் டகாயாசு என்கிற ரத்தக்குழாய் அழற்சிதான் காரணமாக இருக்கிறது. தனி இழை தொடங்குங்கள், இங்கே கலந்தால் குழம்பும்.

2024 பிப்ரவரி 3, இரவு 10.10

சகோதரி, உங்கள் செய்தியைப் பார்த்தேன். பலூன் முடிந்தது, தையல் இடத்துச் சுருக்கம்தான், பிபி 112-க்கு வந்துவிட்டது என்கிறீர்கள். சந்தோஷம். ராத்திரி முழுக்கப் பை மாற்றினீர்களா இல்லையா?

ஒன்று மட்டும். கடைசி வரியில் "என் குழாயில்தான் குறை இருந்திருக்குமோ" என்று எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவும் இதைத்தான் கேட்டாள். முதல் பலூன் முடிந்து வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "எம் பைப்பு பழசுடா. உன் பொண்டாட்டி குடுத்திருந்தா இப்படி ஆயிருக்காது" என்றாள். என் மனைவிக்கு ரத்தப் பிரிவு பொருந்தவில்லை என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அப்படிச் சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. உள்ளே போய் டாக்டரிடம் கேட்டேன். தையல் போட்ட இடத்தில் தழும்பு கட்டுவதும், அந்த இடத்தில் ரத்தம் சுழித்துச் சுவர் தடிப்பதும் இருபது வயதுக்காரர் கிட்னியிலும் நடக்கும் என்றார். கொடுத்தவர் குழாயில் ஏற்கெனவே படிவு இருந்தால் அதுவும் ஒரு காரணமாகலாம், ஆனால் என் அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு முன் எடுத்த சிடி ஸ்கேனில் அப்படி ஒன்றும் இல்லை. அந்த ரிப்போர்ட்டை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஆங்கிலம் புரியாவிட்டாலும் முழுசும் கேட்டாள். பிறகு, "அப்ப தைச்ச டாக்டரு?" என்றாள். அவரையும் விட்டுவிடு ஆத்தா என்றேன்.

2024 ஆகஸ்ட் 19

ஸ்டென்ட் வைத்த பிள்ளையே இந்த இழையில் இல்லையே என்று ஒருவர் குறைப்பட்டார். நியாயம்தான், நான் பேசுவதைப் படித்தால் ஸ்டென்ட் ஏதோ வில்லன் மாதிரி இருக்கிறது. எங்களோடு ஒரே ஓபிக்கு வருகிற 14 வயதுப் பையன் ஒருவன். அவனுக்குப் பலூனைச் சுருக்கியதும் குழாயும் ரப்பர் மாதிரி பழைய நிலைக்கே வந்துவிட்டது, மூன்று தடவை விரித்தும் நிற்கவில்லை. அதே மேஜையில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு வருஷம் ஆகப்போகிறது, ஒரு பிபி மாத்திரையும் ஆஸ்பிரினும்தான் ஓடுகிறது, கபடி ஆடக் கூடாது என்றதற்காகக் கோபமாக இருக்கிறான். அவன் அப்பாவிடம் இந்த இழையைக் காட்டினேன். "நீங்க ரொம்ப எழுதுறீங்க" என்றார்.

இன்னொரு வீட்டில், கிரியாட்டினின் ஏறியதும் ரிஜெக்ஷன் என்று நினைத்து ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்கள், அதில் பிபி இன்னும் ஏறி வலிப்பு வந்து, அப்புறம்தான் டாப்ளர். பிள்ளை இப்போது நலம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.

2024 ஆகஸ்ட் 20

கபடிக்கு ஏன் தடை என்று கேட்டவருக்கு: ஸ்டென்டுக்காக இல்லை. மாற்றுக் கிட்னி முன்பக்கம், தோலுக்குக் கொஞ்சம் கீழேயே இருக்கிறது, வயிற்றில் நேரே இடி வாங்கக் கூடாது. எங்கள் பையன் செஸ் ஆடுகிறான். தோற்றால் போர்டைக் கவிழ்க்கிறான்.

2025 ஜனவரி 12

வருஷாந்திர டாப்ளர் முடிந்தது. வினாடிக்கு 165. அலை கோபுரமாக எழும்புகிறது, நானே பார்த்தேன்.

பையனுக்கு 12 வயது. குழந்தைக் கஃப் இறுக்குகிறது என்று நேற்று சிணுங்கினான். கையை அளந்தால் இருபத்திரண்டரை செ.மீ. பரண் மேல் ஏறித் தேடினேன். 2019-ல் மிஷினோடு வந்த பெரிய கஃப், பாலிதீன் உறைக்குள் அப்படியே கிடந்தது. துடைத்துக் கட்டினேன். சரியாகப் பொருந்துகிறது. 110/68.